டைல்ஸ் இடுக்குக்கு எந்த கிரௌட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். டைல் தேர்ந்தெடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட, அதன் இடுக்கை நிரப்பும் பொருளைக் கடைசி நாளில் அவசரமாக, கலரை மட்டும் பார்த்து வாங்கி வருகிறார்கள். இரண்டு வருடம் கழித்து எனக்கு ஃபோன் வருகிறது: இடுக்கு கறுத்துவிட்டது, உதிர்கிறது, கீழ்வீட்டில் ஈரம் தெரிகிறது. இந்த ஃபோன்களில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

கிரௌட்னா என்ன சார்? டைல் ஒட்டற பசைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

பசை டைலுக்கு அடியில் போவது. டைலைச் சுவரோடும் தரையோடும் பிடித்து வைப்பது அதன் வேலை. கிரௌட் என்பது இரண்டு டைல்களுக்கு நடுவில் உள்ள இடுக்கை நிரப்புவது. கடைகளில் ‘ஜாயிண்ட் ஃபில்லர்’ என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது. மீந்த பசையை இடுக்கில் அப்பி முடித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பசை சொரசொரப்பாகக் காய்வதால் அழுக்கு உடனே ஏறிவிடும்.

டைலை நெருக்கி ஒட்டி ஒட்டிப் போட்டா இடுக்கே தெரியாதே. அப்புறம் எதுக்கு கிரௌட்?

இதுதான் நம் ஊரில் மிகப் பரவலான ஆசை. ‘கேப்பே தெரியக் கூடாது’ என்று வீட்டுக்காரர் சொல்வார், கொத்தனாரும் தலையாட்டிவிடுவார். ஆனால் எந்த டைலும் நூல் பிடித்தாற்போல் ஒரே அளவில் இருக்காது. ஒரே பெட்டியில் இருக்கும் டைல்களுக்குள்ளேயே மயிரிழை வித்தியாசம் இருக்கும். ஓரம் அறுத்துச் சீராக்கிய ‘ரெக்டிஃபைட்’ டைலில் அது குறைவு, ஆனாலும் உண்டு. இடைவெளி விட்டுப் போட்டால் அந்த வித்தியாசம் இடுக்குக்குள் அடங்கிவிடும். நெருக்கிப் போட்டால் பத்தாவது வரிசையில் கோடு விலகும்.

அழகை விடப் பெரிய காரணம் வெயில். சூடேறினால் டைல் நீளும். 4 மீட்டர் நீளத் தரை 30 டிகிரி சூடேறினால் அதன் மேலுள்ள டைல்கள் எல்லாம் சேர்ந்து முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அது சின்ன அளவாகத் தோன்றலாம். ஆனால் போக இடமில்லாதபோது டைல்கள் ஒன்றையொன்று முட்டி, இரண்டு டைல் கூடாரம் போல மேலே எழும்பும். மே மாத மத்தியானத்தில் ‘படார்’ என்று சத்தம் கேட்டது, போய்ப் பார்த்தால் ஹாலில் டைல் தூக்கி நிற்கிறது என்று வரும் ஃபோன்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இன்னொன்று, நெருக்கிப் போட்ட இடுக்குக்குள் எந்த கிரௌட்டும் இறங்காது. மேலே மெல்லிய தோலாக ஒட்டி, இரண்டு மாதத்தில் உரிந்து வரும். தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

சரி, எத்தனை மில்லி விடணும்?

வீட்டுச் சுவருக்கு 2 மில்லிமீட்டர், உள்தரைக்கு 2 முதல் 3, வெயில் படும் மாடிக்கும் பால்கனிக்கும் 5 அல்லது அதற்கு மேல் என்பது நான் பின்பற்றும் கணக்கு. ஓரம் சீராக்காத டைல் என்றால் ஒரு மில்லி கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்பேசர் என்னும் சின்ன பிளாஸ்டிக் சிலுவைகள் எல்லா டைல்ஸ் கடையிலும் கிடைக்கும். கண்ணளவில் விடும் இடைவெளி ஒருபோதும் சீராக வராது. ஸ்பேசரை உள்ளே விட்டே பூசாமல், பிடுங்கி எடுத்த பிறகுதான் நிரப்ப வேண்டும்.

டைல் போடத் தொடங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். எந்த கிரௌட் வாங்கலாம் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பதே இந்த அகலம்தான். டைல் எல்லாம் ஒட்டிய பிறகு வந்து என்னிடம் கேட்டால் தேர்ந்தெடுக்கப் பாதி வழிகள் ஏற்கெனவே அடைபட்டிருக்கும்.

எங்க கொத்தனார் ஒயிட் சிமெண்டும் கலர் பொடியும் போதும்ங்கறார். முப்பது வருஷமா அதைத்தான் போடறாராம்.

அவர் பொய் சொல்லவில்லை. முப்பது வருடம் முன்னால் அதை விட்டால் வேறு வழியும் இல்லை. அப்போது வந்த சின்னச் சின்ன டைல்களுக்கு, தினமும் சும்மா தண்ணீர் ஊற்றிக் கழுவிய வீடுகளுக்கு, அது ஓரளவு தாங்கியது.

ஒயிட் சிமெண்ட் என்பது வெறும் சிமெண்ட். காயும்போது சுருங்கும், சுருங்கினால் டைல் ஓரத்தை விட்டு விலகி மயிரிழை விரிசல் விடும். அதில் பிடிப்பைக் கூட்டும் பாலிமர் கிடையாது, தண்ணீரை உறிஞ்சாமல் தடுக்க எதுவும் கிடையாது. பொட்டலத்துக்குப் பொட்டலம் கையளவில் சேர்க்கும் கலர் பொடியால் ஒரு சுவர் ஒரு நிறமாகவும் அடுத்த சுவர் வேறு நிறமாகவும் வரும். அடிக்கடி தேய்த்துக் கழுவும் இடத்தில் ஒரு வருடத்திலேயே பொடியாக உதிரத் தொடங்கும். கடையில் விற்கும் சிமெண்ட் கிரௌட்டுக்கும் அடிப்படை சிமெண்ட்தான், ஆனால் சுருக்கத்தைக் குறைக்கவும் பிடிப்பைக் கூட்டவும் வேண்டியதெல்லாம் தொழிற்சாலையிலேயே அளந்து கலந்திருக்கும். ஒரு குளியலறைக்கு மூன்று நாலு கிலோதான் தேவைப்படும் (கணக்கு கீழே இருக்கிறது). டைலுக்குச் செலவழித்த பணத்தோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. கொத்தனாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

கடையில மூணு நாலு வகை காட்டறாங்க. எல்லாமே நல்லதுங்கறாங்க. நான் எதைப் பார்த்து வாங்கறது?

அடிப்படையில் இரண்டே குடும்பங்கள். ஒன்று சிமெண்ட் கிரௌட்: பொடியாக வரும், தண்ணீரோ அல்லது கடையில் தனியாக விற்கும் பாலிமர் திரவமோ சேர்த்துக் குழைப்பது. இன்னொன்று எப்பாக்ஸி கிரௌட்: பிசின், அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர், நிறத்தோடு கூடிய நுண்மணல் என்று பெரும்பாலும் மூன்று பொட்டலங்களாக வரும். இதில் சிமெண்டே கிடையாது. இரண்டு வேதிப்பொருட்கள் வினைபுரிந்து இறுகுவது இது.

பையைத் திருப்பிப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 13007 என்ற தர எண் போட்டிருந்தால் கூடவே ஒரு வகைக் குறியீடும் இருக்கும். சி.ஜி.1 என்றால் சாதாரண சிமெண்ட் கிரௌட். சி.ஜி.2 என்றால் மேம்பட்டது. அதோடு டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் தண்ணீரைக் குறைவாக உறிஞ்சும், ஏ இருந்தால் தேய்மானத்தைத் தாங்கும். ஆர்.ஜி. என்பது எப்பாக்ஸி போன்ற பிசின் வகை. இந்தத் தரப்படி நான்கு மணி நேரச் சோதனையில் சி.ஜி.1 மாதிரித் துண்டு 10 கிராம் தண்ணீர் வரை உறிஞ்சலாம், டபிள்யூ வகை 5 கிராம் வரை, ஆர்.ஜி. வகை 0.1 கிராம் வரைதான். சிமெண்ட்டுக்கும் எப்பாக்ஸிக்கும் நூறு மடங்கு வித்தியாசம். விற்பனையாளர் எவ்வளவு பேசினாலும் நான் பார்ப்பது இந்தக் குறியீட்டைத்தான்.

அதன் பிறகு உங்களையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடுக்கில் தினமும் என்ன விழும்? அதை எதைப் போட்டுக் கழுவுவீர்கள்? வெறும் தூசியும் துடைக்கும் தண்ணீரும் என்றால் நல்ல சிமெண்ட் கிரௌட் போதும். எண்ணெய், மஞ்சள், ஆசிட், எந்நேரமும் ஈரம் என்றால் எப்பாக்ஸி.

மணல் கலந்தது, கலக்காததுன்னு வேற சொல்றாங்களே?

அது சிமெண்ட் கிரௌட்டுக்குள் உள்ள பிரிவு. இடுக்கு 3 மில்லிமீட்டர் வரை என்றால் மணல் கலக்காதது. அதற்கு மேல் என்றால் மணல் கலந்தது. அகலமான இடுக்கில் மணல் இல்லாத கிரௌட்டைப் போட்டால் காயும்போது சுருங்கி நடுவில் விரியும், அந்தச் சுருக்கத்தைத் தடுத்து நிறுத்துவது மணல்தான். மாறாக 2 மில்லி இடுக்கில் மணல் கலந்ததைத் தள்ளினால் மணல் மேலேயே சிக்கிக்கொள்ளும், உள்ளே வெற்றிடமாக இருக்கும். பையில் எழுதியிருக்கும் இடுக்கு அகலத்தைப் பாருங்கள். பை பிரித்திருந்தால் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தாலே தெரிந்துவிடும். பளபளப்பான மெல்லிய மேற்பூச்சு உள்ள டைலுக்கும் மார்பிளுக்கும் மணல் கலந்தது கீறல் போடும், கவனம்.

வீடு முழுக்க எப்பாக்ஸியே போட்டுடலாமா? பணம் பிரச்சினை இல்லை.

பணம் இருந்தாலும் நான் சொல்ல மாட்டேன். ஹாலிலும் படுக்கையறையிலும் எப்பாக்ஸி செய்யும் வேலை எதுவும் இல்லை. நாளைக்கு ஒரு டைல் உடைந்து மாற்ற வேண்டி வந்தால், சிமெண்ட் கிரௌட்டைச் சுரண்டி எடுப்பது எளிது, எப்பாக்ஸியைச் சுரண்டும்போது பக்கத்து டைலின் ஓரமும் பெயர்ந்து வரும். வெயில் நேரே படும் இடத்தில் பெரும்பாலான எப்பாக்ஸிகள் மஞ்சளாகிவிடும்.

பழக்கமில்லாத கை எப்பாக்ஸி போட்டால் பெரிய சேதமும் வரும், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். என் கணக்கு: குளியலறைத் தரையும் தண்ணீர் படும் சுவரும், சமையல் மேடைக்கு மேலுள்ள சுவர், பாத்திரம் கழுவும் இடம், வாஷிங் மெஷின் வைக்கும் இடம். இங்கே எப்பாக்ஸி. மற்ற இடங்களுக்கு சி.ஜி.2 சிமெண்ட் கிரௌட்.

பாத்ரூம்ல சிமெண்ட் கிரௌட்டே நல்லா போட்டா தாங்காதா? எதுக்கு அவ்வளவு செலவு?

நீங்கள் ஆசிட் ஊற்றாத வீடாக இருந்தால் தாங்கும். நம் ஊரில் அப்படிப்பட்ட வீடு எத்தனை? போர் தண்ணீரில் உள்ள உப்பு டைலில் வெள்ளையாகப் படியும். மாதம் ஒரு முறை ஆசிட் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தால் பளிச்சென்று போய்விடும். கடையில் விற்கும் அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்புக்கறையைக் கரைப்பது போலவே அது சிமெண்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தையும் கரைக்கும். ஊற்றியதும் இடுக்கில் நுரை பொங்குகிறதே, அது அழுக்கு மட்டும் போகிற நுரை இல்லை, உங்கள் கிரௌட்டும் சேர்ந்து கரைந்து போகிறது.

என் சொந்த வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். முதல் முறை கட்டியபோது குளியலறைக்கு ஒயிட் சிமெண்ட்தான். அம்மா வாரம் தவறாமல் ஆசிட் போட்டுச் சுத்தமாக வைத்திருந்தார். மூன்றாவது வருடம் தரை இடுக்கில் விரல் நகத்தை விட்டால் உள்ளே போனது. அடியில் கலவை ஈரத்தோடு இருந்தது, அடுத்த அறைச் சுவரில் பெயிண்ட் கொப்பளித்தது. அம்மா மேல் தப்பே இல்லை. எந்த இடத்தில் எப்படிக் கழுவுவார்கள் என்று தெரிந்தே நான் தவறான பொருளைப் போட்டிருந்தேன். அப்போதிலிருந்து குளியலறை என்றால் முதலில் கழுவும் பழக்கத்தைத்தான் கேட்கிறேன்.

எப்பாக்ஸி, நீர்த்த ஆசிட்டைத் தாங்கும். அதற்காக ஆசிட்டைத் தொடர்ந்து ஊற்றச் சொல்லவில்லை, குழாயின் முலாமும் வடிகால் மூடியும் போய்விடும். முக்கியமாக ஒன்று: ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் ஒருபோதும் ஒன்றாகச் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவை மூடிய சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கிச்சன்ல மஞ்சள் கறை போகவே மாட்டேங்குது. என்ன போட்டிருக்கணும்?

அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரில் எப்பாக்ஸி போட்டிருக்க வேண்டும். தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் மஞ்சள்தூளையும் தூக்கிக்கொண்டு சிமெண்ட் இடுக்குக்குள் இறங்கிவிடுகிறது, மேலே தேய்த்து எடுக்க முடியாது. ஏற்கெனவே சிமெண்ட் போட்டுவிட்டீர்கள் என்றால் நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, இடுக்கு எதையும் உறிஞ்சாமல் தடுக்கும் சீலர் என்னும் திரவத்தை, ஊடுருவும் வகையாகப் பார்த்து வாங்கித் தூரிகையால் இடுக்கில் மட்டும் தடவுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் சீலர் வேலை செய்கிறது. உறிஞ்சி இடுக்கு கருமையானால் மறுபடி தடவும் நேரம் வந்துவிட்டது. எப்பாக்ஸிக்கு சீலர் தேவையே இல்லை.

கலர் எப்படி சார் பார்க்கறது? கடைல பார்த்தது ஒண்ணு, வீட்ல வந்தது ஒண்ணு.

சிமெண்ட் கிரௌட் ஈரமாக இருக்கும்போது கருமையாகவும், காய்ந்ததும் வெளிறியும் தெரியும். அதனால் அட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல், வீட்டில் மீந்த இரண்டு டைல் துண்டுகளைப் பலகையில் ஒட்டி, கொஞ்சம் குழைத்துப் பூசி, இரண்டு நாள் காயவிட்டுப் பாருங்கள். ஒரே தளத்துக்குத் தேவையான பைகளை ஒரே பேட்ச் எண்ணில் ஒரே நாளில் வாங்குங்கள்.

நடமாட்டமுள்ள தரைக்கு வெள்ளையும் ஐவரியும் வேண்டாம். ஆறு மாதத்தில் வாசல் பக்கம் மட்டும் பழுப்பாகி, சோபாவுக்கு அடியில் வெள்ளையாக இருக்கும். டைலை விட ஒரு சாயல் கருமையான சாம்பல் நிறம்தான் என் தேர்வு. சுவருக்கு உங்கள் விருப்பம்.

எத்தனை கிலோ வாங்கணும்?

ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. டைலின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அதை நீளம் பெருக்கல் அகலத்தால் வகுங்கள். வருவதை டைலின் தடிமனாலும் இடுக்கு அகலத்தாலும் பெருக்கி, கடைசியில் 1.6-ஆல் பெருக்குங்கள். எல்லா அளவும் மில்லிமீட்டரில்.

8 அடிக்கு 5 அடி குளியலறை, சுவரில் 7 அடி உயரம் டைல் என்று வைத்துக்கொள்வோம். கதவைக் கழித்தால் சுவர் சுமார் 165 சதுர அடி, அதாவது 15.3 சதுர மீட்டர். டைல் 300-க்கு 450, தடிமன் 8, இடுக்கு 2 என்றால் சதுர மீட்டருக்கு 0.14 கிலோ. மொத்தம் 2.2 கிலோ, சேதாரம் சேர்த்து இரண்டரை. தரை 40 சதுர அடி, 300-க்கு 300 டைல், தடிமன் அதே 8, இடுக்கு 3 என்றால் சதுர மீட்டருக்கு 0.26 கிலோ, மொத்தம் கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஆக இந்த அறைக்கு நாலு கிலோ வாங்கினால் கையில் கொஞ்சம் மிச்சமே இருக்கும். டைல் பெரிதாகப் பெரிதாகத் தேவை குறையும். எப்பாக்ஸிக்கு இந்த 1.6 என்ற எண் பொருளுக்குப் பொருள் மாறும், பொட்டலத்தில் உள்ள அட்டவணையைப் பாருங்கள்.

டைல் போட்ட மறுநாளே கிரௌட் போட்டுடலாமா? தண்ணி எவ்வளவு ஊத்தணும்?

டைல் பசையில் ஒட்டியது என்றால் 24 மணி நேரம் விட்டுப் போடலாம். மணல்-சிமெண்ட் கலவையில் பதித்தது என்றால் ஒரு வாரம் விடச் சொல்வேன். அடியில் உள்ள ஈரம் மேலே வர வழி வேண்டும், அதை அவசரமாக மூடினால் பின்னால் உப்பாக வெளியே தள்ளும். இடுக்கில் பிதுங்கி நிற்கும் பசையையும் கலவையையும் சுரண்டி, தூசியைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இடுக்கு பாதி ஆழத்துக்கு அடைபட்டிருந்தால் எந்த உயர்ந்த கிரௌட்டும் நிற்காது.

தண்ணீர் பையில் போட்டிருக்கும் அளவுதான், குடிதண்ணீர்தான். குழைத்து ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி கலக்க வேண்டும். குழைத்தது இறுகத் தொடங்கிய பிறகு மேலும் தண்ணீர் ஊற்றி இளக்குவதுதான் தளத்தில் நான் அதிகம் தடுக்கும் தவறு. ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போகும்போது நுண்துளைகளை விட்டுச் செல்லும், இடுக்கு வலுவிழக்கும், நிறம் திட்டுத்திட்டாகும். ரப்பர் பலகையால் இடுக்குக்குக் குறுக்கே சாய்வாகத் தள்ளி அழுத்த வேண்டும். கோடைக்காலம் என்றால் முன்னதாக டைல் ஓரங்களை ஈரத்துணியால் ஒற்றிக்கொள்ளுங்கள், இடுக்கில் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது.

சுவரும் தரையும் சேர்ற மூலையில மட்டும் எப்பவும் விரிசல் விடுதே, ஏன்?

சுவர் ஒரு பக்கம் அசைகிறது, தரை இன்னொரு பக்கம் அசைகிறது. இரண்டும் சந்திக்கும் கோட்டில் இறுகிப்போகும் எந்தப் பொருளும், எப்பாக்ஸி உட்பட, விரியத்தான் செய்யும். அந்த மூலைகளில் கிரௌட்டே போடக் கூடாது. காய்ந்த பிறகும் ரப்பர் போல நெகிழும், பூஞ்சை தடுக்கும் சானிட்டரி சிலிக்கோன் போட வேண்டும். சமையல் மேடைக் கல்லும் சுவர் டைலும் சேரும் கோடு, சிங்க்கைச் சுற்றிய ஓரம், கதவு நிலை, குழாய் வெளிவரும் துளை எல்லாம் இதே கணக்கு. மார்பிளும் கிரானைட்டும் உள்ள இடத்தில் ‘நியூட்ரல் க்யூர்’ என்று போட்ட சிலிக்கோன் வாங்குங்கள், புளித்த வாசம் வரும் வகை அந்தக் கற்களை அரிக்கும்.

மொட்டை மாடியில கூல் டைல் போட்டோம். கிரௌட் எல்லாம் ஒரு வருஷத்துல கிளம்பிடுச்சு.

நெருக்கிப் போடுவது பற்றி மேலே சொன்னது மாடிக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். பகலெல்லாம் கொதித்து, சாயங்காலம் ஒரு மழை பெய்தால் சில நிமிடங்களில் குளிர்கிற இடம் அது. 5 மில்லிக்குக் குறையாத இடுக்கு, மணல் கலந்த சி.ஜி.2 கிரௌட்டை பாலிமர் திரவத்தில் குழைத்துப் பூசுவது, இதுதான் முறை. எப்பாக்ஸி மஞ்சளாகும் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

அதோடு விரிவு இடுக்கு, அதாவது சூட்டில் நீளும் டைலுக்கு இடம் கொடுக்கும் நெகிழ்வான கோடு, இடையிடையே வேண்டும். வட அமெரிக்க டைல் கவுன்சிலின் கையேடு வெயில் படும் தரைக்கு அதிகபட்சம் 12 அடிக்கு ஒன்று, வீட்டு உள்தரைக்கு அதிகபட்சம் 25 அடிக்கு ஒன்று என்று சொல்கிறது. நம் வெயிலுக்கு நான் 8 அடிக்கே ஒன்று விடுகிறேன். அந்தக் கோடுகளிலும், கைப்பிடிச் சுவரை ஒட்டிய கோட்டிலும் கிரௌட் இல்லை, சிலிக்கோன் போலவே நெகிழும், வெயில் தாங்கும் சீலன்ட்.

பாத்ரூம்ல இருந்து கீழ்வீட்டுக்கு ஒழுகுது. எப்பாக்ஸி போட்டா நின்னுடும்னு ஒருத்தர் சொன்னார்.

சில நாள் குறையலாம், நிற்காது. கிரௌட் என்பது நீர்த்தடுப்பு இல்லை. தண்ணீரைத் தடுக்க வேண்டியது டைலுக்கு அடியில், தளத்தின் மேல் பூசப்படும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு. அது இல்லாவிட்டால், அல்லது வடிகால் குழாயைச் சுற்றி விட்டுப்போயிருந்தால், இடுக்கை எவ்வளவு இறுக மூடினாலும் வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

முதலில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பாருங்கள். குழாய்களை எல்லாம் மூடிவிட்டு ஒரு நாள் குளியலறையைப் பயன்படுத்தாதீர்கள். அப்போதும் ஈரம் வளர்ந்தால் தண்ணீர்க் குழாயில் கசிவு, டைலுக்குச் சம்பந்தமே இல்லை. பிறகு வடிகாலை அடைத்துத் தரையில் 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். ஒழுகினால் தரைதான். இடுக்கு உதிர்ந்திருந்தால் மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதோடு தீரும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

பழைய கிரௌட் மேலேயே புதுசா எப்பாக்ஸி தடவிடலாமா?

கூடாது. மேலே தடவும் மெல்லிய படலம் பழையதோடு சேர்ந்தே உரியும். இடுக்கில் குறைந்தது டைல் தடிமனின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். கையால் சுரண்டும் பிளேடு மெதுவானது, ஆனால் டைல் ஓரத்துக்குப் பாதுகாப்பு. மிஷின் பிளேடைப் பழக்கமில்லாதவர் கையில் கொடுக்காதீர்கள். சுரண்டிய பிறகு தூசியை உறிஞ்சி எடுத்து, இரண்டு மூன்று நாள் அந்தக் குளியலறையைப் பூட்டி வையுங்கள். ஈர இடுக்கில் எப்பாக்ஸி பிடிக்காது. வீட்டில் ஒரே குளியலறை என்றால் இதுதான் பெரிய சிரமம், உறவினர் வீட்டுக்குப் போகும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்பாக்ஸி போட்டாங்க, டைல் மேல பிசுபிசுன்னு மங்கலா இருக்கு. ஆசிட்ல போகுமா?

போகாது. எப்பாக்ஸி ஆசிட்டைத் தாங்கும் என்பதற்காகத்தானே போட்டோம். இதுதான் பழக்கமில்லாத கை செய்யும் சேதம் என்று மேலே சொன்னது. பிசின் இறுகுவதற்கு முன் மேற்பரப்பை முழுக்கத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள், அல்லது ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுக்க ஸ்பாஞ்சை நனைத்திருக்கிறார்கள். ஒரு நாளுக்குள் என்றால் சோப்புக் கலந்த வெந்நீரும் மெல்லிய நைலான் ஸ்க்ரப்பரும் போட்டுப் பார்க்கலாம். இறுகிவிட்டது என்றால் எப்பாக்ஸி படலம் எடுப்பதற்கென்றே விற்கும் ரிமூவரை ஒரு மூலையில் சோதித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

வருமுன் தடுப்பது எளிது. நம் வெயிலில் எப்பாக்ஸி வேகமாக இறுகும், அதனால் காலை நேரத்தில், சின்னப் பொட்டலமாகக் கலக்கச் சொல்லுங்கள். பொட்டலத்தைப் பாதியாகப் பிரித்துக் கண்ணளவில் கலக்கக் கூடாது, பிசினும் ஹார்டனரும் விகிதம் தப்பினால் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது. கலந்ததைக் கிண்ணத்தில் குவித்து வைக்காமல் தட்டில் பரப்பி வைத்தால் சூடேறாமல் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். கையுறை கட்டாயம், ஹார்டனர் தோலில் பட்டால் அரிப்பு வரும்.

கிரௌட் மேல வெள்ளையா பூத்திருக்கு. பூஞ்சையா?

பூஞ்சை என்றால் பெரும்பாலும் கருமையாக இருக்கும். வெள்ளைப் பொடி என்பது உப்பு. அடியில் உள்ள ஈரம் மேலே வரும்போது சிமெண்டில் உள்ள உப்பையும் கூட்டி வந்து விட்டுவிட்டு ஆவியாகிறது. உலர்ந்த தூரிகையால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். புதிய தரை என்றால் சில வாரங்களில் தானே குறையும். குறையாமல் வந்துகொண்டே இருந்தால் அடியில் எங்கோ தண்ணீர் இறங்குகிறது, கீழ்வீட்டு ஒழுகலுக்குச் சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

ஆத்தங்குடி டைலுக்கு எப்பாக்ஸி போடலாமா?

வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட செராமிக் இல்லை, கண்ணாடி மேல் நிறமும் சிமெண்டும் ஊற்றிக் கையால் செய்வது. மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது, அதனால் பிசினோ கலர் பொடியோ பட்டால் உள்ளே இறங்கிக் கறையாக நின்றுவிடும். அதைச் செட்டிநாட்டு வழக்கப்படி நெருக்கித்தான் பதிக்கிறார்கள், அந்த வேலை தெரிந்தவரை வைத்தே பதியுங்கள். மெல்லிய இடுக்கை டைலின் நிறத்துக்கு நெருக்கமான, மணல் கலக்காத சிமெண்ட் கிரௌட்டால் நிரப்பி, பட்ட இடத்தை அந்த நிமிடமே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். ஆசிட் பக்கத்திலேயே வரக் கூடாது.

நிலத்தொட்டிக்குள்ள டைல் ஒட்டறோம். அங்க எதைப் போடறது?

எப்பாக்ஸி. ஆனால் குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருக்கும் வகையை மட்டும் வாங்குங்கள். போட்டு முடித்ததும் ஏழு நாள் தண்ணீர் விடாமல் இறுக விட்டு, ஒரு முறை நிரப்பிக் கழுவி வெளியேற்றிய பிறகே புழங்க வேண்டும். தொட்டிக்குள் இறங்கி வேலை செய்பவருக்குக் காற்றோட்டம் வேண்டும். மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, மேலிருந்து ஃபேன் வைத்துக் காற்றை உள்ளே செலுத்துங்கள். வேலை முடியும் வரை மேலே ஒருவர் நின்று அவரோடு பேசிக்கொண்டே இருக்கட்டும்.